சுரைக்குடுக்கை வீடு

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று உபாத்தியாயர்களைப் பார்த்து ஜனங்கள் சொல்லுவது வழக்கம். வாஸ்தவந்தான். ஆனால் கொடியிலேயே முற்றி உலர்ந்த சுரைக்காயுங்கூடத்தான் கறிக்கு உதவாது. அதற்காக நம் முன்னோர் அதைக் குப்பையில் எறிந்துவிடவில்லை. அதில் தண்ணீர் மொண்டார்கள். விதை சேர்த்து வைத்தார்கள். பாம்பாட்டி அதை மகுடியாக்கினான். பிள்ளைகள் அதைக் கட்டிக்கொண்டு கிணற்றில் நீந்தக் கற்றார்கள். கடல் கடந்த அமெரிக்காவிலோ அது ஒரு பக்ஷி ஜாதிக்கே வீடாக அமைந்திருக்கிறது. அந்தக் கதையை இவ்வாரம் சொல்லுவோம்.

அப்பறவை தகைவிலாங் குருவி இனத்தைச் சேர்ந்தது. 'பர்ப்பிள் மார்ட்டின்' என்று அதற்குப் பெயர். ஆண் பறவை கருநீலமாய், வெயில் படும்போது ஊதா மினுமினுப்புடன் விளங்கும். பிரேஸில் முதலிய தேசங்களில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, வசந்தத்தில் ஆயிரக்கணக்கான மைல் பறந்து வட அமெரிக்காவுக்கு வந்து குஞ்சு பொரிக்கிறது. பறந்தபடியே பூச்சிகளைப் பிடித்துத் தின்னும் இந்த மகா சமர்த்தனுக்கு மரத்தைக் குடையத் தெரியாது. மரங்கொத்தி விட்டுப்போன பொந்துதான் ஆதியில் இதற்குக் கதி.

இதற்குச் சுரைக்குடுக்கையில் வீடு அமைத்துக் கொடுத்தவர்கள் அந்நாட்டின் பூர்வ குடிகள். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கப் பறவைகளைப் பற்றி நூல் எழுதிய அலெக்ஸாண்டர் வில்ஸன் இதை வர்ணித்திருக்கிறார். சாக்டா, சிக்கஸா வகுப்பினர் குடிசைக்கு அருகில் ஓர் இளமரத்தின் கிளைகளைத் தறித்து, ஓரிரண்டு அடி நீளக் கவைகளை மட்டும் விட்டு, அவற்றில் குடைந்த குடுக்கைகளைத் தொங்கவிடுவார்களாம். மிஸிஸிப்பி நதிக்கரையில் இருந்த கறுப்பு மக்களோ நீண்ட கழிகளின் நுனியில் அவற்றைக் கட்டி வைப்பார்களாம்.

ஆனால் பறவைக்கு வீடு கொடுத்தவர்களுக்குத் தங்கள் வீடு நிலைக்கவில்லை. 1830-ஆம் வருஷத்தில் அமெரிக்க அரசாங்கம் ஒரு சட்டம் செய்தது. அதன் பலனாக 1831 முதல் சாக்டாக்களும், 1837 முதல் சிக்கஸாக்களும் பிறந்த மண்ணை விட்டு மிஸிஸிப்பிக்கு மேற்கே துரத்தப்பட்டனர். குளிராலும் பசியாலும் நோயாலும் வழியிலே மாண்டவர் பலர். அவர்களுடைய நிலத்தில் குடியேறிய வெள்ளையர் குடுக்கை கட்டும் வழக்கத்தையும் கைக்கொண்டனர். செய்தவர்கள் போய்விட்டார்கள், அவர்கள் செய்த தர்மம் மட்டும் அந்த மண்ணில் தங்கிவிட்டது.

அந்தத் தர்மம் இப்போது நிறுத்த முடியாத கடனாகிவிட்டது. 1850-களில் சிட்டுக்குருவியையும், 1890-ல் நியூயார்க் நகரத் தோட்டமொன்றில் அறுபது ஸ்டார்லிங் பறவைகளையும் ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். இவை பெருகித் தேசமெங்கும் பரவின. குளிர்காலத்திலும் ஊரை விட்டு அகலாத இவை, தகைவிலான் திரும்பி வருமுன்பே பொந்துகளைப் பிடித்துக்கொள்ளுகின்றன. இன்று ராக்கி மலைத்தொடருக்குக் கிழக்கே அந்தத் தகைவிலான்கள் ஏறக்குறைய யாவுமே மனிதன் வைத்த கூடுகளில்தான் குஞ்சு பொரிக்கின்றன. ஒரு தலைமுறை கை ஓய்ந்தால் அவற்றின் கதி என்னவாகும்?

வீடு கட்டும் முறை எளிது, பொறுமைதான் வேண்டும். கொடியில் நன்றாக முற்றிய காயைக் காம்புடன் அறுத்து, காற்றோட்டமுள்ள இடத்தில் சில மாதம் உலரவிட வேண்டும். மேல்தோலில் பூஞ்சணம் பூத்தால் அஞ்ச வேண்டாம், துடைத்துவிடலாம். குலுக்கினால் உள்ளே விதை கலகலவென்று ஒலிக்க வேண்டும், அதுவே பக்குவம். பிறகு பக்கத்தில் வாசல் துளைத்து உள்ளிருப்பதைச் சுரண்டி எடுக்க வேண்டும். அந்தத் தூசி நெஞ்சுக்கு ஆகாது; மூக்கைத் துணியால் கட்டிக்கொள்வது நலம். மழைநீர் வடிய அடியில் நாலைந்து சிறு துளைகளும், கம்பி கோக்கக் கழுத்தில் இரண்டு துளைகளும் போதும். அமெரிக்கர் வெப்பம் தாக்காதபடி வெள்ளை வர்ணம் பூசி, திறந்த வெளியில் பன்னிரண்டு முதல் பதினைந்தடி உயரத்தில் தொங்கவிடுகிறார்கள். தகைவிலானுக்கு வாசல் இரண்டு அங்குலத்துக்குச் சற்று அதிகம். ஸ்டார்லிங் நுழையாதபடி அதைப் பிறை வடிவமாக வெட்டுவாரும் உண்டு.

அந்தத் தகைவிலான் நம் நாட்டுக்கு வருவதில்லை. ஆனால் அங்கே ஆக்கிரமித்தவன் என்று பெயர் வாங்கிய சிட்டுக்குருவி இங்கே நம் வீட்டுப் பிள்ளையல்லவா? ஓட்டுக் கூரையின் இடுக்கிலும், சுவரில் மாட்டிய படத்தின் பின்னாலும் அது குடித்தனம் நடத்தியது. கான்கிரீட் தளம் போட்ட வீட்டில் இடுக்கு ஏது?

ஆகையால் வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். கொல்லைக் கொடியில் ஒரே ஒரு சுரைக்காயை முற்ற விடுங்கள். சிட்டுக்குருவிக்கு ஒன்றேகால் அங்குல வாசல் போதும். பூனைக்கு எட்டாமலும், மின்விசிறிக்கு விலகியும், தாழ்வாரத்தில் நிழலாகத் தொங்கவிடுங்கள். குஞ்சுகள் பறந்துபோன பின் பழைய வைக்கோலை எடுத்துச் சுத்தம் செய்யுங்கள். குடுக்கை இற்றுப்போனால் வேறொன்று கட்டுங்கள். ஒரு வருஷம் கட்டிவிட்டு மறு வருஷம் மறந்துவிடுவதாயிருந்தால் சுரைக்காயைப் பிஞ்சிலேயே பறித்துக் கூட்டு வைத்துவிடுவது மேல்.