குளிக்கும்போது மட்டும் வந்த விறுவிறுப்பு

சில மாதங்களுக்கு முன் மறுபரிசோதனைக்கு வந்த முதியவர் ஒருவர், குளிக்கும்போது வலக்கை விறுவிறுவென்று இழுப்பதாகச் சொன்னார். அவருக்கு நெடுநாளாக நீரிழிவு நோய் உண்டு. அண்மையில்தான் பக்கவாதத்திற்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்பியிருந்தார். நரம்புப் பாதிப்பின் விளைவு என்று கருதி, மாத்திரையின் அளவைச் சற்று உயர்த்தி எழுதிக் கொடுத்தேன். மற்ற நேரங்களில் அந்த இழுப்பு இல்லையா என்று கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. பத்து நாள் கழித்து அவருடைய மருமகள் தொலைபேசியில் அழைத்தார். குளியலறைக் குழாயைத் திறக்கப்போன அவர் கையிலும் அதே இழுப்பு. மாமனாரின் நரம்புக் கோளாறு மருமகளுக்கு ஒட்டிக்கொள்ளாது அல்லவா?

மாத்திரையைப் பழைய அளவுக்குக் குறைத்தேன். கோளாறு சுவரில் இருந்தது. தந்தை வீடு திரும்பும் நாளுக்காக மகன் 15 லிட்டர் கீசர் ஒன்றை வாங்கி மாட்டியிருந்தார். நல்ல பொருள்தான், ஐஎஸ்ஐ முத்திரையும் இருந்தது. பொருத்த வந்தவர் அரை மணி நேரத்தில் வேலையை முடித்துக்கொண்டு போய்விட்டார். பிளக் பாயிண்டில் மூன்று துளைகள் இருந்தன. ஆனால் மூன்றாம் துளைக்குப் பின்னால் எர்த் வயரே இல்லை. கசிந்த மின்சாரம் நிலத்துக்குப் போக வழியின்றி, தொட்டியிலும் இரும்புக் குழாயிலும் நின்று, தொட்டவர் உடல் வழியே இறங்கியது. நல்வாய்ப்பாகக் கசிவு சிறிதாக இருந்தது.

நோயாளிக்காகக் கட்டில், சக்கர நாற்காலி, மருந்துப் பெட்டி என்று பார்த்துப் பார்த்து வாங்கும் குடும்பங்கள், கீசர் மாட்டுவதை மட்டும் ஆணி அடிப்பது போன்ற சில்லறை வேலையாக எண்ணிவிடுகின்றன. அது உண்மையில் மின்வேலை. 2000 வாட் கீசர் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் மின்சாரம் இழுக்கும். விளக்குக்கும் மின்விசிறிக்கும் வைத்த 6 ஆம்பியர் பாயிண்டில் மாற்று பிளக்கைச் செருகி அதை ஓட்டினால், வயர் சூடேறி அதன் மேலுறை இளகும். 16 ஆம்பியர் பாயிண்டும் அதற்கேற்ற தடிப்புள்ள தனி வயரும் தேவை. எர்த் இல்லாத வீடுகளில் நியூட்ரல் கம்பியையே எர்த் துளையில் முடிந்துவிடும் வழக்கமும் சிலரிடம் உண்டு. அது மிகக் கொடியது. நியூட்ரல் எங்கேனும் அறுந்துபோனால், கீசரின் உலோகப் பகுதி முழுவதும் 230 வோல்ட்டில் நிற்கும்.

இதற்கெல்லாம் விதிகள் இல்லாமல் இல்லை. வீட்டு மின்வேலையை உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரே, தகுதிச் சான்று பெற்றவரின் மேற்பார்வையில் செய்ய வேண்டும் என்கின்றன மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைகள். வீடுகளில் வைக்கும் மின்கசிவுத் தடுப்புக் கருவி, அதாவது எலக்ட்ரீஷியன்கள் ஆர்சிசிபி என்று சொல்லும் கருவி, 30 மில்லி ஆம்பியருக்கு மேற்படாத கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். எர்த் அமைப்பதற்கென்று ஐஎஸ் 3043 என்னும் தனி நெறிமுறையே இருக்கிறது. ஆயினும் புது இணைப்பு வாங்கிய நாளுக்குப் பிறகு, வீட்டுக்குள் வந்து பார்ப்பவர் பெரும்பாலும் எவருமில்லை. பார்க்க வேண்டியவர்கள் நாம்தான்.

‘சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் குளிக்கிறோம், ஒன்றும் ஆகாது’ என்று பலர் சொல்வார்கள். நல்ல பழக்கம்; விட வேண்டாம். ஆனால் சாதாரண சுவிட்ச் ஒரு கம்பியைத்தான் துண்டிக்கும். வயரிங் செய்தவர் கம்பிகளை மாற்றி இணைத்திருந்தால், சுவிட்ச் அணைந்திருக்கும்போதும் கீசருக்குள் மின்சாரம் இருக்கும்.

இன்னொரு செய்தி, பலரும் அறியாதது. 15 லிட்டர் தண்ணீர் 25 டிகிரியிலிருந்து 75 டிகிரி செல்சியசுக்குச் சூடாகும்போது ஏறத்தாழ மூன்றில் ஒரு லிட்டர் பெருகுகிறது. அந்த நீர் எங்கே போகும்? குளிர்நீர் நுழையும் இடத்தில் உள்ள பாதுகாப்பு வால்வு அதைச் சொட்டுச் சொட்டாக வெளியேற்றும். தரை வழுக்குகிறதே, நோயாளி விழுந்துவிடுவாரே என்ற நல்லெண்ணத்தில் சில வீடுகளில் அந்த வாயை அடைத்துவிடுகிறார்கள். அடைத்தபின் தெர்மோஸ்டாட்டும் பழுதானால், தொட்டி வெடிக்கும் அளவுக்கு அழுத்தம் ஏறலாம். சொட்டும் வாயில் ஒரு சிறு குழாயை மாட்டி நீர்ப்போக்கியில் விடுங்கள், அடைக்காதீர்கள்.

உடல்நலம் உள்ளவர் சுடுநீர் பட்டால் துள்ளி விலகுவார். பக்கவாதம் வந்தவரால் விலக முடியாது. நீரிழிவால் பாத நரம்பு மரத்தவருக்குச் சூடே தெரியாது. 60 டிகிரி நீர் ஐந்து விநாடியில் ஆழமான புண்ணை உண்டாக்கிவிடும். வாளியில் முதலில் குளிர்நீரை ஊற்றி, பிறகு சுடுநீரைக் கலந்து, உடன் இருப்பவர் தம் முழங்கையால் பார்த்த பின்பே நோயாளியின் மேல் ஊற்ற வேண்டும். அதற்காகத் தொட்டியையே நாள் முழுதும் வெதுவெதுப்பில் வைத்திருப்பதும் சரியன்று. நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா என்னும் கிருமி அத்தகைய நீரில்தான் பெருகும். புற்றுநோய் மருந்தோ மாற்றுச் சிறுநீரகமோ பெற்றவர்களுக்கு அது ஆபத்தானது. தொட்டியில் நன்றாகச் சூடாக்கி, வாளியில் ஆற்றிக்கொள்வதே முறை.

கேஸ் கீசரைக் குளியலறைக்குள் மாட்டவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. மூடிய அறையில் அதிலிருந்து வெளியாகும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, மயக்கம் என்று தொடங்கி உயிரைப் பறித்துவிடும்.

வாடகை வீட்டில் இருப்போர், ‘எர்த் போட்டுத் தாருங்கள்’ என்று கேட்கத் தயங்குகிறார்கள். அது வீட்டு உரிமையாளரின் கடமை என்றே நினைக்கிறேன்; தயங்காமல் கேளுங்கள், எழுத்தில் கேட்பது இன்னும் நல்லது. அவர் நாள் கடத்தினால், அதுவரை கீசரை நிறுத்திவிட்டு அடுப்பில் வெந்நீர் வைத்துக்கொள்ளுங்கள். வாளிக்குள் இறக்கும் ஹீட்டர் கம்பியை நாடாதீர்கள். அது இதைவிட மோசம்.

வீடு திரும்பும் நாளில் நாங்கள் தரும் தாளில் மாத்திரை, உணவு, உடற்பயிற்சி எல்லாம் இருக்கின்றன. குளியலறையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதைச் சேர்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த முறை வரும்போது உங்கள் வீட்டு கீசரையும் அதன் பிளக் பாயிண்டையும் கைப்பேசியில் படமெடுத்து வாருங்கள். எர்த் இருக்கிறதா என்பது படத்தில் தெரியாது. அதை எலக்ட்ரீஷியன் சோதித்துத்தான் சொல்ல வேண்டும். 6 ஆம்பியர் பாயிண்டும் அடைத்த வால்வும் எனக்கே தெரிந்துவிடும்.