முத்துத் துறைமுகத்தில் தூங்கும் கப்பல்
விமானந்தாங்கிக் கப்பல்களின் காலம் முடிந்துவிட்டதா?

பசிபிக் மாகடலின் நடுவே ஹவாய்த் தீவுகள் இருக்கின்றன. அங்கே அமெரிக்கக் கடற்படைக்குப் பெரிய துறைமுகம் ஒன்று உண்டு. அதன் பெயர் பேர்ல் ஹார்பர். தமிழில் முத்துத் துறைமுகம்.

அந்தத் துறைமுகத்தில் தண்ணீருக்கு அடியிலிருந்து இன்றும் சொட்டுச் சொட்டாக எண்ணெய் மேலே வருகிறது. 80 ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் நிற்கவில்லை. அடியில் மூழ்கிக் கிடக்கும் "அரிசோனா" என்ற போர்க்கப்பலில் இருந்து அது கசிகிறது.

அந்தக் கப்பலுக்குள் 900-க்கு மேற்பட்ட கடற்படை வீரர்களின் உடல்கள் இருக்கின்றன. அதுவே அவர்களுக்குச் சமாதி.

ஞாயிற்றுக்கிழமை காலை

1941-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 7-ந் தேதி. ஞாயிற்றுக்கிழமை. காலை மணி 8 ஆகப் போகிறது.

திடீரென்று வானத்தில் ஜப்பானிய விமானங்கள் தோன்றின. குண்டு மழை பொழிந்தன. இரண்டு அலைகளாக வந்த அந்த விமானங்கள் மொத்தம் 350-க்கு மேல்.

அன்று துறைமுகத்தில் 8 பெரும் போர்க்கப்பல்கள் நின்றன. பெரிய பீரங்கிகள் கொண்டவை. "கடலுக்கு ராஜா இவைதான்" என்று உலகமே நம்பிக்கொண்டிருந்த காலம் அது. எட்டுக் கப்பல்களும் அடிபட்டன.

அரிசோனாவின் வெடிமருந்து அறையைக் குண்டு தாக்கியது. கப்பல் வெடித்து மூழ்கியது. அந்த ஒரு கப்பலில் மட்டும் 1,177 பேர் மாண்டார்கள். அவர்களில் ஒரே வீட்டு அண்ணன் தம்பிகளும் இருந்தார்கள். கப்பலின் பாண்டு வாத்தியக் குழுவில் ஒருவர்கூட மிஞ்சவில்லை. அன்று இறந்த அமெரிக்கர்கள் மொத்தம் 2,403 பேர்.

தப்பிய மூன்று கப்பல்கள்

இத்தனை விமானங்கள் எங்கிருந்து வந்தன?

ஆறு கப்பல்களில் இருந்து! அவைதான் விமானந்தாங்கிக் கப்பல்கள். ஹவாய்க்கு வடக்கே நடுக்கடலில் இருந்தபடியே விமானங்களை ஏவின.

விமானந்தாங்கிக் கப்பல் என்பது மிதக்கும் விமான நிலையம். மேல் தளம்தான் ஓடுபாதை. அடியில் விமானக் கொட்டகை. இறங்கும் விமானம் தன் வாலில் உள்ள கொக்கியால், தளத்தின் குறுக்கே கட்டிய கம்பியைப் பற்றிக்கொள்ளும். கம்பி இழுத்து நிறுத்திவிடும்.

அமெரிக்காவின் பசிபிக் கடற்படையிலும் இத்தகைய கப்பல்கள் மூன்று இருந்தன. அன்று ஒன்றுகூடத் துறைமுகத்தில் இல்லை. இரண்டு கடலில் சென்றுகொண்டிருந்தன. ஒன்று சான்டியாகோவில் இருந்தது. அதனால் தப்பின.

ஆறே மாதத்தில் கணக்கு மாறியது. 1942-ம் ஆண்டு ஜூன் மாதம் மிட்வே தீவு அருகே பெரும் சண்டை நடந்தது. முத்துத் துறைமுகத்தைத் தாக்கிய ஆறு கப்பல்களில் நான்கை அமெரிக்க விமானங்கள் மூழ்கடித்தன. கடலுக்குப் புது ராஜா வந்துவிட்டார் என்பது உறுதியாயிற்று.

நம் கடலிலும்

இந்தக் கதை நமக்குத் தூரத்துக் கதை அல்ல. முத்துத் துறைமுகத்தைத் தாக்கிய ஆறில் ஐந்து கப்பல்கள், 1942-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் இந்து மகா சமுத்திரத்துக்கு வந்தன. 5-ந் தேதி கொழும்பிலும், 9-ந் தேதி திரிகோணமலையிலும் குண்டு விழுந்தது. அடுத்தது சென்னைதான் என்று பயந்து, ஜனங்கள் மூட்டை முடிச்சுடன் ஊரைக் காலி செய்தார்கள்.

அதே 9-ந் தேதி மட்டக்களப்புக்கு அருகே, "ஹெர்மிஸ்" என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. அதில் 307 பேர் மாண்டார்கள். அப்போது அந்தக் கப்பலில் ஒரு விமானம்கூட இல்லை! அம்பு இல்லாத வில்லைப்போல் அது அகப்பட்டுக்கொண்டது.

இன்றைய கேள்வி

இன்று நம்மிடம் இரண்டு விமானந்தாங்கிக் கப்பல்கள் உண்டு. "விக்கிரமாதித்யா" ரஷ்யாவிடம் வாங்கியது. 2013-ல் படையில் சேர்ந்தது. "விக்ராந்த்" கொச்சியில் நாமே கட்டியது. 2022-ம் ஆண்டு செப்டம்பர் 2-ந் தேதி படையில் சேர்ந்தது. நீளம் 262 மீட்டர். செலவு சுமார் 20 ஆயிரம் கோடி ரூபாய். சீனாவோ 2025-ல் தன் மூன்றாவது கப்பலைப் படையில் சேர்த்துவிட்டது.

நமக்கும் மூன்றாவது வேண்டும் என்கிறார்கள் ஒரு சாரார். கடல் நெடுகக் காவல் வேண்டும், ஒரு கப்பல் பழுது பார்க்கப் போனால் மற்றவை வேண்டும் என்பது அவர்கள் வாதம்.

மறு சாரார் உக்ரைன் போரைக் காட்டுகிறார்கள். 2022-ல் கருங்கடலில் "மாஸ்க்வா" என்ற ரஷ்யப் போர்க்கப்பல் மூழ்கியது. கரையில் இருந்து ஏவுகணை விட்டு வீழ்த்தியதாக உக்ரைன் கூறியது. ஆள் இல்லாத சிறு படகுகளாலும் ரஷ்யக் கப்பல்களை உக்ரைன் அழித்திருக்கிறது. அற்பச் செலவில் பெரிய கப்பலை வீழ்த்த முடிகிறபோது, இத்தனை கோடியை ஒரே கப்பலில் கொட்டலாமா என்று கேட்கிறார்கள்.

இரண்டிலும் நியாயம் உண்டு. ஆனால் 1941-ம் ஆண்டும் 1942-ம் ஆண்டும் கற்பித்த பாடம் ஒன்றுதான். பெரிய கப்பல் இருக்கிறது என்ற தைரியம் மட்டும் காப்பாற்றாது. அதில் ஏற்ற விமானம் வேண்டும். சுற்றிலும் துணைக் கப்பல்கள் வேண்டும். நீருக்கு அடியில் நீர்மூழ்கிகள் வேண்டும். எதிரியை முன்கூட்டிக் காணும் கண் வேண்டும். இவை இருந்தால் மூன்றாவது கப்பல் பலம். இல்லாவிட்டால் அது பெரிய இலக்கு.

சுவரில் உள்ள பெயர்கள்

மூழ்கிய அரிசோனாவின் மேலே, அதைத் தொடாமல், குறுக்கே ஒரு வெள்ளை மண்டபம் கட்டியிருக்கிறார்கள். நீளம் 184 அடி. 1962-ம் ஆண்டு திறக்கப்பட்டது. படகில்தான் போக வேண்டும். உள்ளே பளிங்குச் சுவரில் மாண்டவர்களின் பெயர்களைப் பொறித்திருக்கிறார்கள்.

2016-ம் ஆண்டு டிசம்பரில் ஜப்பானியப் பிரதமர் ஷின்சோ அபேயும், அமெரிக்க ஜனாதிபதி ஒபாமாவும் அங்கே சேர்ந்து நின்று அஞ்சலி செலுத்தினார்கள். பகைவர்கள் நண்பர்கள் ஆகிவிட்டார்கள். மாண்டவர்கள் மீளவில்லை.

அரிசோனாவில் உயிர் தப்பியவர்களில் கடைசியாக இருந்தவர் 2024-ல் 102 வயதில் காலமானார். இனி அந்தச் சுவரில் உள்ள பெயர்கள்தான் சாட்சி.

புதிய விக்ராந்தில் சுமார் 1,600 பேர் பணியாற்ற இடம் உண்டு. அத்தனை பேருக்கும் கரையில் குடும்பம் இருக்கிறது. கப்பலைப் பற்றி முடிவு செய்கிறவர்கள் கோடிகளை எண்ணும்போது, அவர்களையும் சேர்த்து எண்ண வேண்டும்.