ஒன்பது மணி ஜெபம்

தென்கோடியில் உள்ள எங்கள் ஊரில் இரவு ஒன்பது மணிக்குப் பாய் விரிப்பார்கள். ஒரு கீர்த்தனை, ஓர் அதிகாரம், அதன்பின் தாத்தாவின் நீண்ட ஜெபம். கப்பலில் வேலைக்குப் போன சித்தப்பா, காய்ச்சலில் கிடக்கும் அடுத்த வீட்டுக் குழந்தை, பெய்யாத மழை எல்லாம் அதில் வரும். ‘ஆமென்’ சொல்வதற்குள் கடைக்குட்டி தூங்கியிருக்கும். ஆச்சிக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும்; ஆனால் பத்துப் பன்னிரண்டு சங்கீதங்கள் மனப்பாடம். 23ஆம் சங்கீதம் இன்றும் எனக்கு அவள் குரலில்தான் கேட்கிறது.

திருநெல்வேலிச் சீமையின் புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவக் குடியிருப்புகளில் மூத்ததான முதலூர் 1799இல் உருவானது. அங்கிருந்து எண்ணினால் இன்றைய பிள்ளைகள் ஏழாம் எட்டாம் தலைமுறை. விசுவாசம் இவ்வளவு தூரம் வந்ததற்கு மிஷனரிகளையும் பள்ளிக்கூடங்களையும் காரணம் சொல்கிறோம். அது சரிதான். ஆனால் சபையின் குருவான ஐயர் மாறுதலாகிப் போய்விடுவார்; ஆச்சி போகமாட்டாள். தீமோத்தேயுவின் விசுவாசத்தைப் பற்றி எழுதும் பவுல், பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும் பெயர் சொல்லி நினைக்கிறார்.

கீர்த்தனைகள் இயற்றிய வேதநாயகம் சாஸ்திரியாரின் வீட்டைப் பாருங்கள். 1774இல் பாளையங்கோட்டையில் பிறந்து, சிறுவனாகவே மிஷனரி சுவார்ட்ஸ் ஐயருடன் தஞ்சாவூர் போனவர். ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடியவர். 1864இல் அவர் மறைந்த பிறகும் வம்சத்தார் சாஸ்திரியார் என்ற பட்டத்தோடு கதாகாலட்சேபத்தைத் தொடர்ந்தார்கள். பிரசங்கத்தை நாம் மறந்துவிடுகிறோம்; ராகத்தில் ஏறிய சொல் நாவை விட்டு இறங்குவதில்லை. அர்த்தம் புரியாத வயதில் பாடிய கீர்த்தனை, நாற்பது வயதில் ஒரு மரண வீட்டில் திடீரென்று புரிகிறது. பிள்ளைக்குப் புரியாததைச் சொல்லித்தரக் கூடாது என்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

ஆனால் வீடு நல்லதை மட்டும் பொறுக்கிக் கொடுப்பதில்லை. சபைக்குள் சாதி வேற்றுமை கூடாது என்று 1820களில் புதிய மிஷனரிகள் கண்டித்தபோது, அவர்களை எதிர்த்து எழுதியவரும் இதே சாஸ்திரியார்தான். அந்தக் கீர்த்தனைகளை நேசிக்கிற எனக்கு இதை எழுதுவது வலிக்கிறது. கீர்த்தனை வந்த வழியிலேயே சாதியும் வந்தது. ஒன்றைப் பாடிக் கற்றோம். மற்றதை யாரும் பாடவில்லை, ஆனாலும் கற்றுக்கொண்டோம்.

இப்போது பாய் விரிக்கும் வீடுகள் குறைந்துவிட்டன. ஞாயிறு பள்ளி, கோடை விடுமுறையில் வி.பி.எஸ். என்ற வேதாகமப் பள்ளி, பிறகு திடப்படுத்தல் வகுப்பு என்று பிள்ளையைப் பிறர் கையில் ஒப்படைத்துவிடுகிறோம். சென்னையிலும் பெங்களூரிலும் வளரும் பேரப்பிள்ளைகளுக்குப் பழைய வேதாகமத் தமிழ் எட்டவில்லை என்பது பெரியவர்களின் குறை. பவர் ஐயர் தலைமையில் 1871இல் முடிந்த அந்த மொழிபெயர்ப்பின் நடை எனக்கு உயிர். இருந்தாலும் பிள்ளை ஆங்கிலத்தில் ஜெபிப்பதால் ஒன்றும் கெட்டுவிடாது. அப்பா முழங்கால் போட்டு அது பார்த்ததே இல்லை என்றால்தான் கவலைப்பட வேண்டும். வீட்டில் உட்காரும்போதும் வழியில் நடக்கும்போதும் பிள்ளைகளோடு பேசு என்கிறது உபாகமம். வாரத்துக்கு ஒரு மணி நேரம் என்று அது சொல்லவில்லை.

ஜெபம் நின்ற வீடுகளிலும் சாதி நிற்கவில்லை. கிறிஸ்தவ வரன் விளம்பரங்களை வாசியுங்கள்: இரட்சிக்கப்பட்ட மணமகள் தேவை என்பார்கள்; அடுத்த சொல்லே சாதிப் பெயர். குடும்ப ஜெபத்தை மீண்டும் தொடங்குங்கள் என்று நான் கெஞ்சிக் கேட்பதற்குப் பழைய நாள் ஏக்கம் மட்டும் காரணமல்ல. வேதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் பிள்ளை கேள்வி கேட்கும்.

எங்கள் வீட்டில் கேட்டுவிட்டது. கலாத்தியர் மூன்றாம் அதிகாரம் வாசித்த இரவில், யூதனென்றும் கிரேக்கனென்றும் இல்லை என்ற இடத்தில் என் அண்ணன் மகள் நிறுத்தினாள். “அப்படின்னா அத்தை கல்யாணத்தை ஏன் தாத்தா நிறுத்துனீங்க?” என்றாள். அவள் தாத்தா அன்று ஜெபிக்கவில்லை. வெகுநேரம் கழித்து, “நீ ஜெபி, மக்கா” என்றார். அவள் ஜெபித்தாள்.