ஒரு மா நெல்லும் ஒரு நாள் சீட்டும்



பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டால் நம் இல்லங்களில் தவறாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு. "இந்த லீவுக்கு எங்களை எங்கே கூட்டிப் போறீங்க அத்தா?" என்பதே அது. ஒரு காலத்தில் இதற்கு விடை எளிதாக இருந்தது. நன்னி வீடு, மாமா வீடு, நாகூர்க் கடற்கரை, அதைவிட்டால் கல்லணை. இன்றோ கேள்வி கேட்கும் பிள்ளையே விடையையும் கையில் வைத்திருக்கிறது. அலைபேசித் திரையில் தலைகீழாகச் சுழலும் வண்டியைக் காட்டி, "இங்கே போகலாம்" என்கிறது. தந்தை சிரித்துக்கொண்டே "பார்ப்போம்" என்கிறார். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் அவர் மனம் போடும் கணக்கைத்தான் இம்மாதம் நாம் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

தமிழகத்துக்குக் கேளிக்கைப் பூங்காக்கள் புதியவை அல்ல. தவணை முறையில் வீட்டுப் பொருள்களை விற்றுப் பெயர் பெற்ற வி.ஜி.பி. நிறுவனம் சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் அமைத்த தங்கக் கடற்கரையை நம்மில் பலர் பள்ளிச் சுற்றுலாவில் கண்டிருப்போம். 1995ஆம் ஆண்டு தாம்பரத்துக்கு அருகே கிஷ்கிந்தா திறக்கப்பட்டது. இந்தியாவின் முதல் முப்பரிமாணத் திரைப்படத்தைத் தயாரித்த நவோதயா அப்பச்சன் அதை நிறுவினார். 2000ஆம் ஆண்டில் கொச்சியில் வீகாலேண்ட் வந்தது. 2005இல் அதே குழுமம் பெங்களூரில் வொண்டர்லாவைத் திறந்தது. இறுதியாக 2025 டிசம்பரில், திருப்போரூரை அடுத்த இள்ளலூரில், 611 கோடி ரூபாய்ச் செலவில் சென்னை வொண்டர்லாவும் திறக்கப்பட்டது.

அந்தப் புதிய பூங்காவின் முதன்மையான சுழல்வண்டிக்கு 'தஞ்சோரா' என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். சுவிட்சர்லாந்து நாட்டு நிறுவனம் ஒன்று செய்து கொடுத்தது. காலடியில் தளம் இன்றித் தண்டவாளத்துக்குக் கீழே தொங்கியபடி பறக்கும் வண்டி அது. கேட்டவுடன் நம் தஞ்சையை நினைவூட்டும் பெயர், நமக்குப் பெருமைதான். ஆனால் தஞ்சைப் பிள்ளை தஞ்சோராவில் ஏறுவதற்கு என்ன செலவாகும் என்பதை நெல்லாகவே அளந்து பார்ப்போம். நம் நாட்டுப்புறத்தில் எந்தச் செலவையும் நெல்லாக மாற்றிப் பார்த்தால்தான் அதன் கனம் விளங்கும்.

திறந்தபோது அங்கே ஒருவருக்கு ஒரு நாள் கட்டணம் 1,500 ரூபாயை ஒட்டி இருந்தது. நான்கு பேர் கொண்ட குடும்பம் முழுச்சீட்டு எடுத்தால் 6,000 ரூபாய். 2025-26 பருவத்தில் தமிழக அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் சன்ன ரக நெல்லுக்கு ஊக்கத்தொகையுடன் சேர்த்துக் குவிண்டாலுக்கு 2,545 ரூபாய் என விலை வைத்தார்கள். 40 கிலோ மூட்டை ஒன்றுக்கு 1,018 ரூபாய். ஆக, வாசலைத் தாண்டி உள்ளே கால் வைக்க மட்டும் ஆறு மூட்டை நெல்.

கணக்கு இத்துடன் முடியவில்லை. ஆறு மூட்டை நெல்லின் விலை முழுவதும் உழவரின் கையில் தங்குவதில்லை. உழவுக் கூலி, நாற்று, நடவு, உரம், அறுவடை இயந்திர வாடகை எல்லாம் போக வேண்டும். உற்பத்திச் செலவுக்கு மேல் பாதி வைத்து ஆதார விலை நிர்ணயிப்பதாக மத்திய அரசு சொல்கிறது. அந்தக் கணக்கை அப்படியே ஏற்று, மாநில ஊக்கத்தொகையையும் சேர்த்துப் பார்த்தால், மூட்டைக்குக் கையில் நிற்பது 400 ரூபாய்க்கு மேற்படாது. 6,000 ரூபாய் மிச்சம் பார்க்க வேண்டுமானால் பதினைந்து மூட்டை, அதாவது 600 கிலோ நெல் விளைய வேண்டும். ஒரு மா நிலத்தில் ஒரு பருவம் பாடுபட்டால் கிடைப்பது ஏறத்தாழ அவ்வளவுதான். வேலி நிலத்தில் இருபதில் ஒரு பங்கு ஒரு மா என்பது நம் பகுதி வாசகர்களுக்குத் தெரியும். நாற்றங்கால் தொடங்கி அறுவடை வரை நான்கு மாதம் மழைக்கும் வெயிலுக்கும் அஞ்சிக் காத்த ஒரு மாவின் பலன், ஒரு நாள் காலையில் நுழைவாயிலில் தீர்ந்துவிடுகிறது.

நிலமற்றவர்களின் கணக்கு இன்னும் கடினமானது. 2025-26 நிதியாண்டில் நூறு நாள் வேலைத் திட்டத்துக்குத் தமிழகத்தில் அறிவித்த நாள் கூலி 336 ரூபாய். அந்தக் கூலியில் ஒருவரின் சீட்டுக்கே நாலரை நாள் வேலை செய்தாக வேண்டும். நால்வருக்கு எடுத்தால் பதினெட்டு நாள் கூலி.

தஞ்சையிலிருந்து சென்னை ஏறத்தாழ 340 கிலோமீட்டர். போகவர ரயிலோ வேனோ, இரவு தங்க அறை, மூன்று வேளைச் சாப்பாடு எல்லாவற்றையும் கூட்டுங்கள். பெரும்பாலான பூங்காக்களில் வெளி உணவை உள்ளே கொண்டுபோக அனுமதிப்பதில்லை. கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றையும் முட்டையையும் வாசலில் வைத்துவிட்டு, உள்ளே விற்கும் விலைக்கே வாங்கி உண்ண வேண்டும். நுழைவுச்சீட்டுக்கு ஒரு மா போனால், மற்றச் செலவுகளுக்கு இன்னொரு மா எளிதில் போய்விடும்.

விலை ஏன் இப்படி ஏறுகிறது? நடத்துகிறவர்கள் சொல்லும் காரணங்களில் உண்மையும் உண்டு. வெளிநாட்டுப் பொறிகள், நகரத்தை ஒட்டிய நிலத்தின் விலை, மின்கட்டணம், பாதுகாப்புப் பணியாளர் சம்பளம் எல்லாம் கூடிக்கொண்டே போகின்றன. வரியும் சேர்கிறது. 2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோது கேளிக்கைப் பூங்காக்களுக்கு 28 விழுக்காடு விதித்தார்கள். 2018 ஜனவரியில் அதை 18 ஆகக் குறைத்தார்கள். இன்றும் 1,500 ரூபாய்ச் சீட்டில் 229 ரூபாய் அளவுக்கு வரியே அடங்கியிருக்கிறது.

எனினும் விலை உயர்வின் வேர், காசு வாங்கும் முறையிலேயே இருக்கிறது. உலகிலேயே பெயர் பெற்ற கேளிக்கைப் பூங்காவான அமெரிக்காவின் டிஸ்னிலேண்ட், 1955 ஜூலையில் திறக்கப்பட்டபோது பெரியவர்களுக்கு நுழைவுக் கட்டணம் ஒரு டாலர். சிறுவர்களுக்கு அரை டாலர். உள்ளே எந்தப் பொறியில் ஏறுகிறோமோ அதற்குத் தனிச்சீட்டு. 1982இல் தனிச்சீட்டு முறையை அறவே எடுத்துவிட்டு, வாசலிலேயே ஒரே தொகையாக வாங்கினார்கள். 2016 முதல் கூட்டம் மிகுந்த நாளுக்கு ஒரு விலை, குறைந்த நாளுக்கு ஒரு விலை என்றானது. வரிசையில் நெடுநேரம் நில்லாமல் செல்வதற்கு 1999 முதல் இலவசமாகக் கொடுத்துவந்த சலுகையை 2021இல் நீக்கி, அதையும் விலைக்கு விற்கத் தொடங்கினார்கள். 1955இன் ஒரு டாலர், விலைவாசி உயர்வைக் கணக்கிட்டால் இன்றைய 12 டாலருக்குச் சமம். ஆனால் கூட்டமான நாளில் அங்கே இன்று ஒருவருக்கு 200 டாலருக்கு மேல் ஆகிறது. நம் நாட்டுப் பூங்காக்களும் அதே வழியில்தான் நடக்கின்றன. வார நாளுக்கு ஒரு விலை, விடுமுறை நாளுக்கு ஒரு விலை, வரிசையைத் தாண்டிச் செல்ல ஒரு விலை.

இந்த முறையால் யாருக்கு இழப்பு என்பதை எண்ணிப் பாருங்கள். உடன் வரும் நன்னி எந்தப் பொறியிலும் ஏறப்போவதில்லை. மர நிழலில் பைகளைக் காத்துக்கொண்டு அமர்ந்திருப்பார். அவருக்கும் சீட்டு உண்டு. நீர் விளையாட்டுகளுக்கென விதித்திருக்கும் உடையை நம் பெண்களில் பலர் விரும்புவதில்லை. ஆகவே அவர்களுக்குப் பாதிப் பூங்கா மூடியே கிடக்கிறது. ஆனால் பாதிக் கட்டணம் கிடையாது. சிறுவர் கட்டணத்தைப் பல இடங்களில் வயதை விட்டுவிட்டு உயரத்தை வைத்தே கணக்கிடுகிறார்கள். எட்டு வயதில் நெடுநெடுவென வளர்ந்த பிள்ளை பெரியவராகிவிடுகிறது. உயரம் போதாத தம்பியோ, காசு கொடுத்து உள்ளே வந்தும் பெரிய பொறிகளில் ஏற முடியாமல் அழுகிறான்.

நம் ஊர்க் கந்தூரித் திடலையும் பொருட்காட்சி மைதானத்தையும் இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உள்ளே நுழையக் காசு இல்லை, இருந்தாலும் சொற்பம். கையில் நூறு ரூபாய் உள்ளவர் நூறு ரூபாய்க்கு மகிழ்கிறார். பிள்ளையை ஒரு முறை ராட்டினத்தில் ஏற்றிவிட்டு, பெற்றவர் கீழே நின்று கையசைக்கிறார். காசே இல்லாதவரும் விளக்குகளைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். செல்வரின் பிள்ளையும் கூலிக்காரரின் பிள்ளையும் ஒரே ராட்டினத்தில் அடுத்தடுத்த பெட்டியில் அமர்ந்திருப்பார்கள். மதில் எழுப்பி, வாசலில் மொத்தமாகக் காசு வாங்கும் முறை வந்தபின் அந்தக் காட்சி இல்லாமற் போயிற்று. வெளியே நிற்கும் பிள்ளை எட்டிப் பார்க்கவும் வழியில்லை.

நம் பகுதிக்கே உரிய இன்னொரு செய்தியையும் பேசியாக வேண்டும். அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை, கூத்தாநல்லூர், இராஜகிரி, பண்டாரவாடை என்று எந்த ஊரை எடுத்தாலும், சபுர் போன ஆண்கள் நிறைந்த வீடுகளைக் காண்கிறோம். ஆண்டுக்கு ஒரு முறையோ இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையோ முப்பது நாற்பது நாள் விடுப்பில் வருகிறார்கள். இத்தனை காலம் பிள்ளையின் பக்கத்தில் இல்லாத குறை அவர்கள் நெஞ்சை அரிக்கிறது. அதை ஒரே நாளில் தீர்த்துவிட எண்ணி, பெரும் செலவில் ஒரு பயணத்துக்கு ஏற்பாடு செய்கிறார்கள். கையிருப்புப் போதாவிட்டால் மனைவியின் வளையல் அடகுக் கடைக்குப் போகிறது. அல்லது தெரிந்தவரிடம் கைமாற்று வாங்கப்படுகிறது. விடுப்பு முடிந்து விமானம் ஏறியபின், அந்தக் கடனை அடைப்பதற்கென்றே ஓய்வு நாளிலும் கூடுதல் வேலை பார்க்க நேர்கிறது. அடுத்த விடுப்பும் தள்ளிப்போகிறது. பிள்ளைக்கு ஒரு நாள் மகிழ்ச்சி தருவதற்காக, அதே பிள்ளையுடன் இருந்திருக்க வேண்டிய பல நாட்களை விற்கிறோம். நுழைவுச்சீட்டில் அச்சிடாத விலை இது; எல்லாவற்றிலும் பெரிய விலையும் இதுவே.

பிள்ளைகள் கேளிக்கையே காணக் கூடாது என்று சொல்ல நாம் வரவில்லை. ஓடி விளையாடுவதும் வியந்து சிரிப்பதும் பிள்ளைப் பருவத்தின் உரிமை. வசதி உள்ளவர்கள் ஹலாலாகச் சம்பாதித்த காசில் தம் மக்களை அழைத்துச் செல்வதை யார் தடுக்க முடியும்? நாம் கேட்பது ஒன்றே: கடன் வாங்கிச் சிரிக்க வேண்டாம்.

போக வேண்டும் என்று முடிவு செய்தவர்கள் சிலவற்றைக் கருத்தில் கொள்வது நலம். முதலாவதாக, ஆண்டின் தொடக்கத்திலேயே ஓர் உண்டியலை வைத்து, பிள்ளைகளையும் அதில் போடச் செய்யுங்கள். செலவின் கணக்கு பிள்ளைகளுக்கும் தெரியட்டும். தெரிந்த பிள்ளை அடம் பிடிப்பது குறையும். இரண்டாவதாக, பெருநாள், பொங்கல், கோடை விடுமுறையின் நெருக்கடி நாட்களைத் தவிர்த்து வார நாளில் செல்லுங்கள். கட்டணமும் குறையும், வரிசையும் குறையும். மூன்றாவதாக, யார் யார் எதில் ஏறுவார்கள் என்பதை வீட்டிலேயே பேசி முடிவு செய்யுங்கள். பொறிகளில் ஏறாத பெரியவர்களைச் சென்னையில் உறவினர் வீட்டில் விட்டுச் சென்றால் அவர்களுக்கும் ஓய்வு, உங்களுக்கும் சிக்கனம்.

போக இயலாதவர்கள் மனம் சோர வேண்டியதில்லை. தஞ்சையிலிருந்து காலையில் புறப்பட்டு இரவுக்குள் திரும்பும் தொலைவிலேயே காண வேண்டியவை பல உள்ளன. சரபோஜி மன்னர் 1814-15இல் கடலோரம் எழுப்பிய அடுக்குக் கோபுரமான மனோரா இருக்கிறது. வெளிமான்கள் துள்ளித் திரியும் கோடியக்கரைச் சரணாலயம் இருக்கிறது. குளிர்காலத்தில் அங்கே கடல் கடந்து வரும் பறவைகளை எண்ணி மாளாது. முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் படகில் போகலாம். 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டிய தரங்கம்பாடிக் கோட்டையின் மேல் நின்று அலைகளைப் பார்க்கலாம். இவற்றுக்கெல்லாம் ஆகும் மொத்தச் செலவு, பேருந்துக் கட்டணமும் கட்டுச்சோறும் சேர்த்தாலும், அந்த நான்கு சீட்டுகளின் விலையை எட்டாது. ஆறு, கடல் என்று போகும்போது மட்டும் பிள்ளைகளைக் கண் பார்வையில் வைத்திருங்கள். கல்லணையிலும் காவிரியிலும் ஆழம் தெரியாமல் இறங்க விடாதீர்கள்.

ஊர்ப் பெரியவர்களுக்கும் ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தஞ்சை நகராட்சி சிவகங்கைப் பூங்காவை மக்களுக்காக அமைத்தது. எளியவர்களின் பிள்ளைகளுக்கும் ஊஞ்சல் வேண்டும் என்ற எண்ணம் அன்றே இருந்திருக்கிறது. இன்று நம் பேரூராட்சிகளிலும் ஊராட்சிகளிலும் சிறுவர் பூங்கா என்று பலகை மட்டும் நிற்க, உள்ளே உடைந்த சறுக்கு மரமும் முட்செடியும் கிடக்கும் இடங்கள் எத்தனை? உள்ளாட்சி உறுப்பினர்களிடம் சாலையும் குடிநீரும் கேட்பது போல இதையும் கேளுங்கள். ஊருக்குள் நல்ல ஊஞ்சல் இல்லாமற் போனால், நெடுந்தொலைவில் உள்ள ஊஞ்சலுக்கு எந்த விலை சொன்னாலும் கொடுத்தாக வேண்டியதுதான்.

விடுப்பில் வந்திருக்கும் சகோதரர்களே! பிள்ளையை மிதிவண்டியில் முன்னால் அமர்த்தி, ஆற்றங்கரை ஓரமாக ஒரு மாலை சென்று வாருங்கள். போகும் வழியில் அவன் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் பொறுமையாக விடை சொல்லுங்கள். மறுநாளும் செல்லுங்கள். விடுப்பு முடியும்வரை அந்த வழக்கத்தை விடாதீர்கள். நீங்கள் மீண்டும் விமானம் ஏறியபின், அத்தாவுடன் எங்கே போனாய் என்று யாரேனும் கேட்டால், சொல்வதற்கு அவனிடம் நாற்பது மாலைகள் இருக்கும்.