கடிகாரத்தை வைத்துக் கேட்பவர்கள்

பாக்கின் ‘மத்தேயு திருப்பாடுகளை’ ஓட்டோ கிளெம்பெரர் 1960–61இல் லண்டனில் பதிவு செய்தார். பில்ஹார்மோனியா இசைக்குழு, வில்ஹெல்ம் பிட்ஸ் பழக்கிய பாடகர் குழு, நற்செய்தியாளராக பீட்டர் பியர்ஸ், இயேசுவாக ஃபிஷர்-டீஸ்காவ். இன்று இதைப் பற்றி எழுதுகிறவர்கள் முதலில் எடுப்பது கடிகாரத்தை. மற்றவர்கள் ஏழு நிமிடத்தில் முடிக்கும் தொடக்கப் பாடலுக்கு இவருக்குக் கிட்டத்தட்ட பன்னிரண்டு நிமிடம் ஆகிறதாம். ஆகவே பிழையாம்.

பாக் 1750இல் இறந்தார். மெட்ரோனோம் வந்ததே 1815இல்தான். இந்தப் பாடலுக்கு இன்ன வேகம் என்று அவர் எண் எதுவும் எழுதிவைத்துவிட்டுப் போகவில்லை. 12/8 நடனத் தாளம், துள்ள வேண்டும் என்பார்கள். சிலுவை சுமக்கிறவருக்காக அழ வரச்சொல்லும் பாட்டில் எனக்குத் துள்ளல் வேண்டாம். தொடக்கத்தில் அடித்தள வாத்தியங்கள் ஒரே சுரத்தை விடாமல் இடிக்கின்றனவே, கிளெம்பெரரிடம் அது கனத்த காலடியாகக் கேட்கிறது. இரண்டாம் குழு ஒற்றைச் சொல்லில் குறுக்கிட்டுக் கேள்வி கேட்கும்போது அந்தக் கேள்வி காற்றில் நிற்கிறது.

அடுத்த வாதம் ஆள் எண்ணிக்கை. பாக்கிடம் சில பாடகர்களே இருந்தார்கள், பெரிய குழு அவருக்குச் செய்யும் துரோகம் என்கிறார்கள். அதற்குச் சான்றாக 1730 ஆகஸ்டில் லைப்சிக் நகர சபைக்கு அவர் எழுதியதையே காட்டுகிறார்கள். அது பற்றாக்குறை மனு ஐயா! ஒரு குழுவுக்குப் பன்னிரண்டு பேராவது வேண்டும், பதினாறு என்றால் இன்னும் நல்லது, இருக்கும் மாணவர்களில் 17 பேர்தான் தேறுவார்கள் என்று புலம்புகிறார். நூறு பேரை அவர் கேட்கவில்லை, உண்மைதான். ஆனால் மென்பொருள் ஆலோசனையில் காலம் தள்ளுகிறவன் நான். காசு தராததால் சுருங்கிப்போன ஒன்றை, ‘இதுதான் வடிவமைப்பு’ என்று பிறகு யாராவது விளக்கினால் எனக்குச் சிரிப்புத்தான் வரும்.

வரலாற்று நியாயம் பேசும் இவர்களுடைய வரலாறு பாக்கோடு நின்றுவிடுகிறது. கிளெம்பெரர் யூதராகப் பிறந்தவர். கத்தோலிக்கராக மாறியும் 1933இல் ஜெர்மனியை விட்டு ஓட வேண்டியிருந்தது. கடைசியில் யூத சமயத்துக்கே திரும்பினார். இந்தப் படைப்பிலோ, இயேசுவின் இரத்தப்பழியைத் தம்மீதும் பிள்ளைகள்மீதும் கூட்டம் ஏற்கும் வசனம் இருக்கிறது. யூதர்களை அடிக்க ஐரோப்பா நூற்றாண்டுகளாகக் கையில் எடுத்த வசனம். எழுபத்தைந்து வயதில், ஜெர்மன் மொழியிலேயே, இரு குழுக்களையும் அதைப் பாடவைக்கிறார் அவர். அந்த இடத்தைக் கேட்ட பிறகும் ஒருவரால் ‘வேகம் போதாது’ என்றுதான் எழுத முடிகிறது.