சுண்டல் சாப்பிடுங்க, கப்பை வீசாதீங்க!



நம்ம பள்ளிக்கரணை சதுப்பு நிலம் 2022-ல் ராம்சார் தலம் ஆனது. பூநாரை பார்க்க வெளியூர்க்காரங்க ரேடியல் ரோட்டில் வண்டியை நிறுத்துகிறார்கள். என் அம்மா அங்கேதான் சுண்டல் விற்கிறார். சிலர் சாப்பிட்டுவிட்டு கப்பைத் தண்ணீரில் வீசுகிறார்கள். பூநாரை தலையைக் கவிழ்த்து, அலகால் சேற்றுத் தண்ணீரைச் சலித்துத்தான் இரை தின்னும். அதில் பிளாஸ்டிக் கிடக்கலாமா?

"கடைகளாலதான் குப்பை, எல்லாத்தையும் எடுக்கணும்" என்கிறார்கள். எடுத்துட்டா எங்க வீட்டுக்கு அரிசி ஏது? நாங்களும் தப்பு செய்தோம். அதனால் இப்போ பேப்பர் பொட்டலம்தான். பக்கத்திலேயே கூடையும் வைத்திருக்கிறோம். ஆனால் கூடை பாதிகூட நிறையவில்லை!

பறவையைப் பாருங்க, சுண்டலும் சாப்பிடுங்க. குப்பையை மட்டும் கூடையில் போட்டுட்டுப் போங்க. நான் சொல்வது சரிதானே?

– 9-ஆம் வகுப்பு மாணவி