துடைச்சாச்சா சிஸ்டர்?

கண் ஆஸ்பத்திரியில் 'தாடையை இங்கே வைங்க' என்றதும் பயபக்தியோடு வைத்துவிடுகிறோம். நமக்கு முன்னால் வைத்தவருக்கு 'மெட்ராஸ் ஐ' இருந்திருந்தால்? அந்த அடினோ வைரஸ் காய்ந்த பரப்பில்கூட நாள்கணக்கில் தாக்குப்பிடிக்கும். தாடை, நெற்றி படுகிற இடங்களை ஒவ்வொருவருக்குப் பிறகும் துடைக்க அரை நிமிஷம் போதும்.

கண் அழுத்தம் பார்க்கக் கருவிழியையே தொடுகிற டோனோமீட்டர் முனைக்கு ஸ்பிரிட் பஞ்சு மட்டும் போதாது. நீர்த்த பிளீச் கரைசலில் 5 முதல் 10 நிமிஷம் ஊறணும். பிறகு சுத்தமாக அலசி உலர்த்தணும். மருந்து ஒட்டியிருந்தால் கருவிழி புண்ணாகிவிடும்.

'கூட்டம் சார், நேரமில்லை' என்பது சாக்கு. இரண்டு, மூன்று முனைகளை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாமே! 'துடைச்சாச்சா சிஸ்டர்?' என்று கேட்க நமக்கும் கூச்சம் எதற்கு? நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.